உலகக் கடல்களில் புயல்களைப் பின்தொடர்வது: கொழும்பு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற செய்தி வந்ததுமே வாட்ஸ்அப் குழுக்கள் வரைபடங்களால் நிறைந்துவிடும். பலவற்றில் திகதியும் இருக்காது, நேரமும் இருக்காது. அப்படியான நாட்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். வீட்டைவிட்டு வெளியேறுவதா, கடலுக்குப் போகாமல் இருப்பதா போன்ற முடிவுகளுக்கு வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் (அழைப்பு இலக்கம் 117) சொல்வதே இறுதி. அவர்கள் சொல்வதைச் சரியாக விளங்கிக்கொள்ள இந்தப் பக்கம் உதவும்.

எந்தக் கடலை யார் கண்காணிக்கிறார்கள்?

உலக வானிலை அமைப்பு கடல்களைப் பல நகரங்களிலுள்ள வானிலை மையங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. அத்திலாந்திக்கும் கிழக்குப் பசுபிக்கும் மியாமிக்கு. 140 பாகை மேற்கிலிருந்து 180 பாகைக் கோடு வரையான மத்திய பசுபிக் ஹொனலுலுவுக்கு. அந்தக் கோட்டுக்கு மேற்கே, தென்சீனக் கடல் உட்பட, டோக்கியோவுக்கு. வங்காள விரிகுடாவும் அரபிக்கடலும் நியூடில்லிக்கு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஆபிரிக்கக் கரையிலிருந்து 90 பாகை கிழக்கு வரை ரீயூனியன் தீவிலுள்ள பிரெஞ்சு மையம். அதற்கப்பால் 160 பாகை கிழக்கு வரை அவுஸ்திரேலியா. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியை இந்தோனேசியாவும் பப்புவா நியூகினியும் பார்க்கின்றன. தென்பசுபிக்கில் 25 பாகைத் தெற்கு வரை பீஜியின் நாடி, அதற்குக் கீழே நியூசிலாந்தின் வெலிங்டன்.

இவற்றோடு ஹவாயில் பேர்ள் துறைமுகத்தில் இயங்கும் அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையமும் உண்டு. அது அமெரிக்கப் படைகளுக்காக எச்சரிக்கை வெளியிடும் மையம். பசுபிக்குக்கும் இந்து சமுத்திரத்துக்கும் ஒரே பாணியில் அறிக்கை தருவதால் பலரும் அதையே திறந்து பார்க்கிறார்கள். பார்க்கலாம், தவறில்லை. ஆனால் நம் கடலுக்கு அதிகாரபூர்வமான மையம் நியூடில்லி. நம் நாட்டுக்கான எச்சரிக்கை கொழும்பு 7இலுள்ள திணைக்களத்திலிருந்து வருவது.

ஒரே புயலுக்கு இரண்டு மையங்கள் இரண்டு வேகம் சொல்கின்றனவே, எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரி. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரி எடுக்கின்றன, நியூடில்லி 3 நிமிடம், டோக்கியோ, ரீயூனியன், அவுஸ்திரேலியா, பீஜி 10 நிமிடம். நேரம் நீள நீள எண் குறையும். திறந்த கடலில் 10 நிமிடச் சராசரி 100 கிலோமீற்றர் என்றால் 1 நிமிடச் சராசரி 107 அளவில் வரும். பழைய மாற்று விகிதப்படி 114 வரையும் போகும்.

ஆகவே ஒரு சமுத்திரத்துப் புயலை இன்னொரு சமுத்திரத்துப் புயலோடு ஒப்பிடும்போது முதலில் சராசரி நேரத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸை நெருங்கும் புயலுக்கு டோக்கியோவின் எண்ணையும் அமெரிக்க எண்ணையும் கலந்துவிட்டு "ஒரே இரவில் வலுத்துவிட்டது" என்று பகிர்வது அடிக்கடி நடக்கும் பிழை. நொட் என்று கொடுத்திருந்தால் 1.852ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீற்றர் கிடைக்கும்.

தாழமுக்கம், சூறாவளி, கடும் சூறாவளி: எல்லைகள் எவை?

நியூடில்லியின் அளவுகோலில், மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் தாழமுக்கம், 50 முதல் 61 ஆழமான தாழமுக்கம். 62இல் சூறாவளியாகிறது, பெயரும் அப்போதுதான் கிடைக்கிறது. 89இலிருந்து கடும் சூறாவளி, 118இலிருந்து மிகக் கடும் சூறாவளி, 168இலிருந்து அதிதீவிர சூறாவளி, 222ஐத் தொட்டால் சுப்பர் சூறாவளி. அமெரிக்காவின் முதலாம் வகை ஹரிக்கேன் 119இல் தொடங்குவதால், நமது "மிகக் கடும்" என்ற படியோடு ஏறத்தாழப் பொருந்தும். ஐந்தாம் வகை 252இல் ஆரம்பிக்கும்.

படி குறைவு என்றால் ஆபத்தும் குறைவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரமிருக்கிறதென்றால், இதை வாசியுங்கள்.

மேலே சொன்ன அளவுகோல் முழுக்க முழுக்கக் காற்றுக்கானது. மழையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா, சூறாவளி என்ற முதற்படியைத் தாண்டவேயில்லை. ஆனால் அது நாட்டின் மீதும் கரையோரமாகவும் மெதுவாக நகர்ந்தது. ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டிய இடங்கள் மலையகத்தில் பல. மண்சரிவிலும் வெள்ளத்திலும் 600க்கும் அதிகமானோர் இறந்தனர். 2016 மே மாதத்தில் ரோனுவாகப் பின்னர் பெயர்பெற்ற தாழமுக்கம், பெயர் பெறுவதற்கு முன்பே அரநாயக்கவில் மண்சரிவை இறக்கியது, களனி ஆற்றின் வெள்ளத்தைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இதற்கு மறுபக்கம்: அங்கே காற்றே பெரும் அழிவைச் செய்தது.

எனவே அறிக்கையைத் திறந்ததும் வேகத்துக்கு முன் மூன்றைத் தேடுங்கள். மையம் மணிக்கு எத்தனை கிலோமீற்றரில் நகர்கிறது? 10க்குக் கீழே என்றால் மழை ஒரே இடத்தில் நின்று பெய்யும். மழைமேகம் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குப் பரந்திருக்கிறது? ஈரக்காற்று எந்த மலைச்சரிவில் மோதப் போகிறது?

மழையின் கனத்தை உணர ஒரு கணக்கு. 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை 1 லீற்றர். 10 பேர்ச் காணி சுமார் 253 சதுர மீற்றர். அதில் 200 மில்லிமீற்றர் பெய்தால் 50,600 லீற்றர். கூரைமேல் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கிகள் ஐம்பது. அயல்வீட்டுக் காணியிலும் அதே அளவு விழுகிறது, எல்லாம் ஒரே கானுக்குத்தான் வரவேண்டும்.

புயல் திருகோணமலைப் பக்கம் இருக்கும்போது கொழும்பில் ஏன் மழை?

வடகோளத்தில் காற்று தாழமுக்க மையத்தை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. மையம் நமக்கு வடகிழக்கே வந்துவிட்டால் கொழும்பில் காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும். அந்தக் காற்று கடலீரத்தை அள்ளிக்கொண்டு வந்து சப்ரகமுவ மலைகளில் ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து கொட்டுகிறது. மையம் 236 கிலோமீற்றர் தள்ளித் திருகோணமலையில் இருந்தாலும், களனி நீரேந்து பகுதி அதன் ஈரப் பாதையில் இருக்கிறது.

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: மையம் உங்கள் இடப்பக்கம், சற்று முன்னால் இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் இது பொய்க்கும். காலிமுகத்திடல் போன்ற திறந்த இடத்தில்தான் நம்பலாம். எச்சரிக்கை விடுத்திருந்தால் அங்கே போகவேண்டாம், தாழ்ந்த மேகங்கள் ஓடும் திசையை யன்னலிலிருந்து பார்த்தாலே போதும்.

ஆற்றுக்கு இன்னொரு கணக்கு உண்டு. களனி 145 கிலோமீற்றர் நீளமானது. நோர்வூட், கித்துல்கல, தெரணியகல பகுதியில் பெய்த மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல தாண்டி நாகலகம் வீதி அளவுகோலை அடைய நேரமெடுக்கும். நாகலகம் வீதியில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். டித்வா விலகிச் சென்றபின்னும் களனியின் தாழ்நிலங்களில் நீர் உயர்ந்தது இதனால்தான். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனி, கடுவலை ஆற்றோரங்களில் இருப்பவர்கள் கொழும்பில் வெயில் அடித்தாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஹங்வெல்ல அளவு இறங்கத் தொடங்கும் வரை பொருட்களைக் கீழே இறக்காதீர்கள். மலையகத்தில் உறவினர் இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தனியாகப் பார்க்கவேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேறவேண்டும் என்று பொருள்.

அறிக்கைகள் எத்தனை மணிக்கு வரும்?

எல்லா மையங்களும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். 00 மணி என்றால் நமக்குக் காலை 5.30, 12 மணி என்றால் மாலை 5.30. சூறாவளியானதும் நியூடில்லி மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அறிக்கை தரும். அமெரிக்க மையங்களின் முழு அறிக்கை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 03, 09, 15, 21 மணிகளில். அதாவது நமக்குக் காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, பின்னிரவு 2.30. இதற்கிடையில் வரும் "புதிய பாதை" என்ற படம் பெரும்பாலும் பழைய அறிக்கையின் மறுபதிப்பு.

இன்னுமொன்று: அறிக்கையில் சொல்லப்படும் மையத்தின் இடம் வெளியீட்டு நேரத்துக்குச் சற்று முந்தையது. 2.30க்கு வரும் அறிக்கை 11.30 நிலையைச் சொல்லக்கூடும். தூரம் கணக்கிடும்போது அந்த மூன்று மணித்தியாலத்தையும் சேருங்கள்.

தூரத்தையும் வந்துசேரும் நேரத்தையும் நானே கணக்கிடலாமா?

ஒரு கொப்பியும் பேனாவும் போதும். ஆறு நிரல்கள் வரையுங்கள்: நமது நேரம், அகலக்கோடு, நெடுங்கோடு, மைய அமுக்கம், காற்று, நகர்வு. ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு வரி. நம் அகலக்கோட்டில் 1 பாகை, வடக்குத் தெற்காக 111 கிலோமீற்றர், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 110.

உதாரணமாக, மையம் இப்போது 8.5 வடக்கு, 83.0 கிழக்கு, ஆறு மணித்தியாலத்துக்கு முன் 8.4 வடக்கு, 83.8 கிழக்கு என்று வைப்போம். நெடுங்கோட்டில் 0.8 பாகை நகர்ந்திருக்கிறது, 88 கிலோமீற்றர். அகலக்கோட்டில் 11. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 89. ஆறால் வகுத்தால் மணிக்குச் சுமார் 15. திருகோணமலை 8.6 வடக்கு, 81.2 கிழக்கு, மீதித் தூரம் 198 கிலோமீற்றர். இதே வேகத்தில் 13 மணித்தியாலம்.

இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கும். முதலாவது, 13 மணித்தியாலம் என்பது மையம் வரும் நேரம். மழைப்பட்டைகளும் பலத்த காற்றும் அதற்கு அரை நாள் முன்னரே வந்துவிடலாம். இரண்டாவது, ஒரேயொரு இடைவெளியை நம்புவது. மையத்தைக் குறிப்பதிலேயே சில பத்துக் கிலோமீற்றர் பிழை இருக்கும், அதனால் வேகம் தாறுமாறாகக் குதிக்கும். 12 மணித்தியால இடைவெளி எடுத்தால் எண் நிதானமாகும்.

தென்கோளத்துக்கு இதே கணக்கைச் செய்யும்போது அகலக்கோட்டு எண் பெரிதானால் புயல் தெற்கே போகிறது என்பதை மறக்கவேண்டாம். அங்கே சுழற்சியும் மணிக்கூட்டு முள்ளின் திசையில்.

செய்மதிப் படத்தில் மையம் எங்கே?

மிக வெண்மையான, மிகத் தடித்த மேகம் இருக்குமிடம்தான் மையம் என்று பலர் நினைக்கிறார்கள். கண் தெளிவாகத் திறந்த புயலுக்கு அது பொருந்தும். நம் பக்கத்தில் வரும் பலவீனமான சுழற்சிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேறுவேறு திசையில் இழுத்தால் உயர்ந்த மேகம் ஒருபக்கம் தள்ளப்பட்டு, கடல்மட்டச் சுழற்சி மேகமின்றி வெறுமையாகக் கிடக்கும். பகலில் ஒளிப்படத்தைத் தொடர்ச்சியாக ஓடவிட்டு, தாழ்ந்த சிறு மேகக் கோடுகள் எதைச் சுற்றுகின்றன என்று பாருங்கள். இரவில் அகச்சிவப்புப் படத்தில் அந்தத் தாழ்ந்த மேகங்கள் கடலோடு கலந்து மறைந்துபோகும். சூரியன் எழுந்ததும் மையம் "இடம்மாறியது" போலத் தோன்றுவது இதனால்.

எந்தச் செய்மதி என்பதும் முக்கியம். ஜப்பானின் ஹிமவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, அழகாகவும் இருக்கும். ஆனால் அது 140.7 பாகை கிழக்குக்கு மேலே நிற்கிறது. வங்காள விரிகுடாவைச் சரிவாகப் பார்ப்பதால், 15 கிலோமீற்றர் உயர்ந்த மேகம் உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் மேற்கே தெரியும். புயல் கரையைத் தொட்டுவிட்டது போல மாயம் காட்டும். நம் கடலுக்கு இந்தியாவின் இன்சாட் படமோ, 45.5 பாகையில் நிற்கும் ஐரோப்பிய மீற்றியோசாட் படமோ பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. துருவச் சுற்றுச் செய்மதிகளின் நுண்ணலைப் படம் கிடைத்தால் அதைவிட மேல்: மேல்மேகத்தை ஊடுருவி உள்ளேயிருக்கும் மழைவளையத்தைக் காட்டும். ஒரு நாளில் சில தடவைகள்தான் கிடைக்கும் என்பது குறை.

புயலுக்குள் போகாமல் காற்றின் வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

அத்திலாந்திக்கில் அமெரிக்க விமானங்கள் புயலுக்குள் பறந்து அமுக்கத்தையும் காற்றையும் அளக்கின்றன. நம் கடலில் அப்படியான வழமையான பறப்பு இல்லை. இங்கு அடிப்படை, 1970களில் அமெரிக்கரான வெர்னன் டிவோராக் உருவாக்கிய முறை. செய்மதிப் படத்தில் மேகப்பட்டை மையத்தை எவ்வளவு சுற்றியிருக்கிறது, கண் எவ்வளவு சூடாகவும் அதைச் சுற்றிய மேகம் எவ்வளவு குளிராகவும் இருக்கிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுக்கிறார்கள். 2.5 என்றால் 35 நொட், 4 என்றால் 65, 6 என்றால் 115. கடல்மேற்பரப்பின் சிற்றலைகளிலிருந்து காற்றைக் கணிக்கும் அஸ்கற் கருவி, கப்பல்கள், மிதவைகள் ஆகியவற்றால் அதைச் சரிபார்க்கிறார்கள். இதில் அரைப் படி ஏற்ற இறக்கம் இரண்டு நிபுணர்களுக்கிடையே சாதாரணம்.

வரைபடத்திலுள்ள கூம்புக்குள் கொழும்பு இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

கூம்பு மையம் போகக்கூடிய இடத்தை மட்டும் காட்டுகிறது. மழையும் காற்றும் எவ்வளவு பரவும் என்று அது சொல்லாது. மியாமியின் கூம்பு கடந்த ஐந்து ஆண்டுகளின் எதிர்வுகூறல் பிழைகளிலிருந்து வரையப்படுவது. மூன்றில் இரண்டு தடவை மையம் அதற்குள் நிற்கும், மூன்றில் ஒரு தடவை வெளியே போகும். திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே சுமார் 90 கிலோமீற்றர்தான். ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் பாதைகூடப் பல பத்துக் கிலோமீற்றர் தவறுவது வழமை என்பதால், "இந்த ஊரில்தான் கரைகடக்கும்" என்று இரண்டு நாளுக்கு முன் அடித்துச் சொல்பவர்களை நம்பவேண்டாம்.

பத்து நாளுக்குப் பிறகு பயங்கரப் புயல் என்று ஒரு படம் வந்திருக்கிறதே?

அது ஒரு கணினி மாதிரியின் ஒரேயொரு ஓட்டம். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ் நாளுக்கு நான்கு தடவை ஓடுகிறது. நீண்ட நாள் தள்ளிப் பார்க்கையில் வங்காள விரிகுடாவில் இல்லாத புயலைக் காட்டுவது அதற்குப் பழக்கம். அடுத்த ஓட்டத்தில் அது காணாமல் போயிருக்கும். ஐரோப்பிய மையத்தின் குழு எதிர்வுகூறலில், தொடக்க நிலையைச் சிறிது மாற்றி 50 தடவை ஓட்டுகிறார்கள். அந்த 50இல் எத்தனை புயலைக் காட்டுகின்றன, அவை நெருங்கி நிற்கின்றனவா சிதறி நிற்கின்றனவா என்பதுதான் பயனுள்ள தகவல். ஐந்து நாளுக்குள் வந்து, இரண்டு மாதிரிகள் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் ஒத்துப்போனால் கவனிக்கத் தொடங்குங்கள். அதற்கு முன் பகிரவேண்டாம். கடலில் மகன் இருக்கும் தாய்க்கு அந்தப் படம் வேறுவிதமாகப் போய்ச் சேரும்.

கைபேசியின் அமுக்கமானி மதியத்துக்குப் பிறகு இறங்குகிறது. புயலா?

அனேகமாக இல்லை. அயனமண்டலத்தில் அமுக்கம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம், மாலை 4, அதிகாலை 4 மணியளவில் தாழ்வு. வித்தியாசம் 2, 3 ஹெக்டோபஸ்கல். எனவே நேற்று இதே மணியில் இருந்த எண்ணோடுதான் ஒப்பிடவேண்டும். அப்படி ஒப்பிட்டும் 3 அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் அது செய்தி. கைபேசியை ஒரே மாடியில் வைத்து அளவெடுங்கள். 8 மீற்றர் உயரம் ஏறினாலே 1 ஹெக்டோபஸ்கல் குறைந்துவிடும். மாடிவீட்டில் மூன்றாம் தளத்துக்குப் போய்ப் பயந்தவர்கள் உண்டு.

91 பி என்றால் என்ன?

பெயர் பெறாத, கவனிப்பிலிருக்கும் மேகக்கூட்டத்துக்கு அமெரிக்கர் கொடுக்கும் சுழல் இலக்கம். 90 முதல் 99 வரை போய் மறுபடி 90. பி வங்காள விரிகுடா, ஏ அரபிக்கடல், டபிள்யூ மேற்குப் பசுபிக், எஸ் தென்னிந்து சமுத்திரம். அது எச்சரிக்கை இல்லை.

பெயர்களை யார் வைக்கிறார்கள்? கடல் மாறினால் பெயர் மாறுமா?

நம் கடலுக்கு 13 நாடுகள் தலா 13 பெயர்கள் தந்து 169 பெயர்ப் பட்டியல் 2020இல் வெளியானது. ஒவ்வொரு நாட்டின் பெயரும் முறைவைத்து வரும். அசானி இலங்கை தந்தது, டித்வா யேமன் தந்தது. தென்மேற்கு இந்து சமுத்திரத்தில் கண்காணிப்பது ரீயூனியன் என்றாலும் பெயர் வைப்பது மொரீசியஸும் மடகஸ்கரும்.

உயிரோடு எல்லை தாண்டும் புயல் இப்போது பொதுவாகப் பெயரை வைத்துக்கொள்கிறது. 2019 ஜனவரியில் பாபுக் தாய்லாந்தைக் கடந்து அதே பெயரோடு நம் பக்கம் வந்தது. 2023இல் ஃப்ரெடி அவுஸ்திரேலியப் பக்கத்தில் பெயர் பெற்று, இந்து சமுத்திரம் முழுவதையும் கடந்து மொசாம்பிக்கை இரண்டு தடவை தாக்கியது. அதன் பாதையைத் தேடுபவர்கள் இரண்டு மையங்களின் பதிவுகளையும் ஒட்டவேண்டும். 90 பாகைக் கோட்டில் வேகம் சட்டென்று மாறினால் அது கணிப்பவர் மாறியதன் விளைவாகவும் இருக்கலாம்.

பழைய புயல்களின் பாதைகளைத் தரவாக எடுக்கலாமா?

எல்லா மையங்களின் பதிவுகளையும் ஒன்றுசேர்த்த ஐபிடிராக்ஸ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு வரி, உலகப் பொது நேரத்தில். ஒவ்வொரு மையத்தின் காற்றுக்கும் தனித்தனி நிரல் உண்டு. மேலே சொன்ன சராசரி நேரச் சிக்கல் இங்கும் உள்ளது, நிரல்களைக் கலக்காதீர்கள். செய்மதிக்கு முந்தைய காலத்தில் கப்பல் காணாத புயல்கள் பதிவில் இல்லை, ஆகவே நூறாண்டு எண்ணிக்கையை வைத்துப் புயல்கள் கூடியதா குறைந்ததா என்று முடிவுகட்ட முடியாது.

கோப்பைத் திறக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். தலைப்புக்கு அடுத்த வரி அலகுகளைச் சொல்லும் வரி. அதை நீக்காவிட்டால் எண் நிரல்கள் எல்லாம் எழுத்தாக வாசிக்கப்படும். அடுத்தது, வட அத்திலாந்திக்கின் குறியீடு "என்ஏ". பைத்தனும் ஆர் மொழியும் அதை "தரவு இல்லை" என்று எடுத்துக்கொள்வதால் அந்தச் சமுத்திரத்துப் புயல்கள் அத்தனையும் சமுத்திரப் பெயரில்லாமல் போய்விடும். வாசிக்கும் கட்டளையிலேயே அந்த இயல்பு நடத்தையை நிறுத்தி வையுங்கள். நம் கடலின் குறியீடு "என்ஐ". அதில் இந்தத் தொல்லை இல்லை.